மாவு கரைத்த கை

கோகிலவாணி தன் கணவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட ஆரம்பித்தது ஒன்பதாம் நாள். பதினோராம் நாள் அவர் டம்ளரைத் தொடுவதை நிறுத்தினார். பதினான்காம் நாள் கீபோர்டில் ஒரு எழுத்தைத் தட்டப் போய் ஏழெட்டு விழுந்தன. நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீ உக்காரு அம்மிணி. நான் சொல்றேன், நீ அடி."

நவநீதனின் வலது கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது. அங்கிருந்து இரண்டு கம்பிகள் மூளைக்குப் போயின. ஆறு வருடங்களுக்கு முன் அவருடைய கைநடுக்கத்தைப் பிடித்து நிறுத்தியது அதுதான். செய்தது நிதானம் என்ற கோயமுத்தூர்க் கம்பெனி. கருவிக்கு ஆறு வருடக் கெடு. கெடு முடிவதற்குள் கம்பெனியின் புரோகிராம் ஒன்று அதோடு பேசி, இன்னும் ஆறு வருடம் ஓடு என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அணைந்துவிடும். திடீரென்று அணைந்தால் ஆள் விழுவார் என்பதால், கடைசி முப்பது நாளும் நாளுக்கு ஒரு படியாகத் தன்னைக் குறைத்துக்கொண்டே வரும். நல்ல யோசனைதான். யோசித்த கம்பெனி நான்கு வருடங்களுக்கு முன்பே மூடப்பட்டு, அதன் கம்ப்யூட்டர்கள் துடைக்கப்பட்டு, ஏலத்தில் போய்விட்டன. புரோகிராமும் அதோடு போயிற்று.

யாரும் சாகப்போவதில்லை, கை மட்டும்தான் போகும் என்றார் டாக்டர். கோகிலவாணி கோயமுத்தூரில், கணபதிப் பகுதியில், இட்லி மாவு அரைத்து விற்பவள். கையை 'மட்டும்' என்று ஒருவர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

கோர்ட் ஒரு வழி விட்டிருந்தது. அந்தப் புரோகிராமுக்காக மனிதர்கள் எழுதிய மூல வரிகள், லைசென்ஸுக்காகக் கம்பெனி முன்பே தாக்கல் செய்திருந்தவை, வெளியிடப்பட்டன. கருவி யார் உடம்பில் இருக்கிறதோ அவர் தன் வீட்டில், தன் கம்ப்யூட்டரில் அவற்றை வைத்துப் புரோகிராமைக் கட்டிக்கொள்ளலாம். கட்டி முடித்ததை இன்னொருவருக்குக் கொடுத்தால் ஜெயில். அரிசி உளுந்து தருவோம், அரைத்த மாவைக் கைமாற்றக் கூடாது என்கிற மாதிரி ஒரு தீர்ப்பு. எப்படி அரைப்பது என்று சொல்லிக்கொடுக்க மட்டும் தடையில்லை.

சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே. மெஷின்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எழுதிக்கொள்ள ஆரம்பித்து இருபது வருடம் ஆகிவிட்டது; மருத்துவக் கருவி மாதிரி ஒன்றிரண்டில்தான் அப்புறமும் கொஞ்ச காலம் மனிதக் கை இருந்தது. நவநீதன் ஒரு காலத்தில் அந்த வேலை செய்தவர். வேலை போனபின் மனைவியின் கடையில் மாவு பாக்கெட் கட்டினார். அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தன.

உக்கடம் பழைய சாமான் கடையில் ஒரு லேப்டாப் கிடைத்தது. மூடி தானாக நிற்காது. பின்னால் ஒரு உளுந்து டப்பா வைக்க வேண்டும். லினக்ஸ் போட்டிருந்தது.

"சின்ன ஜி. அப்புறம் சின்ன சி. இன்னொரு சி. ஒட்டுக்கா அடி, நடுவுல எடம் விடாதே."

"ஜிசிசி. ஆருங்க இவன்? கட்சிக்காரனாட்டம் பேரு."

"அவன்தான் கம்பைலர். மனுசன் எழுதுனத மெசினுக்குப் புரியறாப்பல மாத்தறவன்."

"அதத்தான் இப்ப எல்லா மெசினும் தானே பண்ணிக்குதே. நம்ம போன்கிட்டயே கேட்டுப் போடலாமல்லோ?"

"கேட்டனே. மருத்துவக் கருவி சம்பந்தமான கோரிக்கை, உதவ இயலாது, உங்கள் நாள் இனிதாகட்டும்னுச்சு."

"நாசமாப் போக. அடுத்து என்ன அடிக்கோணும்?"

அவள் இரண்டே விரலால் அடித்தாள். கம்பைலர் லைப்ரரி என்று ஒரு துணைப் புரோகிராமைக் கேட்டது. அது இன்னொன்றைக் கேட்டது. அதிலும் ஒன்பது புள்ளி மூன்றாம் பதிப்புதான் வேண்டும், ஒன்பது புள்ளி நான்கு ஆகாது என்றது.

"சம்பந்தி வீட்டுக்காரங்களாட்டம். பந்தியில உக்கார வெச்சாச்சு, இன்னும் எல நுனி எந்தப் பக்கம்னு பாக்கறாங்க."

நவநீதன் சிரித்தார். சிரித்தால் கை கூடுதலாக ஆடியது. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். கோகிலவாணி திரையையே பார்த்தாள். பார்க்காத மாதிரி இருக்க அவள் அந்த இரண்டு வாரத்தில் நன்றாகப் பழகியிருந்தாள்.

பழைய லைப்ரரிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஏதோ ஒரு யூனிவர்சிட்டிக் கிடங்கிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார்கள். காலையில் கடை வியாபாரம் முடிந்ததும் பத்து மணிக்கு உட்கார்ந்தால் மதியம் வரைக்கும். பதினேழாம் நாள் புரோகிராம் ஒரு தப்பும் சொல்லாமல் கட்டி முடிந்தது. கோகிலவாணிக்கு எழுந்து ஒரு சுற்று ஆடலாம் போல இருந்தது.

"இருடி," என்றார் நவநீதன். "விரல்ரேகை பாக்கோணும்."

ஒவ்வொரு புரோகிராமுக்கும் அறுபத்து நான்கு எழுத்தில் ஒரு விரல்ரேகை உண்டு. கருவி தனக்குள் ஒரு ரேகையை எழுதி வைத்திருந்தது; மூல வரிகளோடு கோர்ட் வெளியிட்ட கம்பெனிச் சர்ட்டிபிகேட்டிலும் அதே ரேகை அச்சாகியிருந்தது. அதே ரேகை உள்ள புரோகிராம் பேசினால் மட்டுமே கேட்கும்.

"ஒத்துப்போகலை," என்றார்.

"கொஞ்சமாச்சு?"

"இதுல கொஞ்சம்கறதே இல்ல. கோடி எழுத்துல ஒண்ணு மாறியிருந்தாலும் அறுவத்தி நாலும் மாறிக்கும்."

நான்கு நாள் மறுபடி மறுபடி கட்டினார்கள். ஒத்துப்போகவில்லை. பல ஊர்களிலும் இந்தக் கருவி வைத்த முன்னூற்று நாற்பது பேருக்குப் போனில் ஒரு குரூப் இருந்தது. கட்டத் தெரிந்த நாலைந்து பேருக்கும் இதே கதைதான். மற்றவர்கள் அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருபத்தொன்றாம் நாள் கோகிலவாணி அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு அது பிடிக்காது. அவளுக்கும் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு அந்தக் காரியத்தைச் செய்தார்கள்.

"ஏனுங்க," என்றாள். "கரைச்சது ஆரு?"

"என்னத்த?"

"மாவைத்தான். நம்ம நாகமணி வேலைக்கிருந்தாளே, ஒருநா அவ உப்புப் போட்டுக் கரைச்ச மாவு பொங்கவே இல்ல. அதே அரிசி, அதே உளுந்து, அதே கிரைண்டரு. நீதான் கரைச்சயான்னு கேட்டா ஆமாங்கறா. அப்புறம்தான் தெரியுது, அவளுக்குக் காச்சலு. தங்கச்சிய வுட்டுக் கரைக்கச் சொல்லியிருக்கறா. கை மாறுனா மாவு மாறும். இதுக்குள்ள கரைச்ச கை எதுவும் இருக்காதா?"

நவநீதன் வாயில் இருந்ததை விழுங்கவில்லை.

"இருக்கும்," என்றார். "கட்டுனவங்க பேரு, கட்டுன ஃபோல்டர் பேரு, கட்டுன நேரம், மூணும் உள்ள போய் உக்காந்துக்கும். ஆனா அது சர்ட்டிபிகேட்ல போட்டிருக்குது. கம்பெனியில பூட்டுன ரூமு, ரிலீஸ்னு பேரு வெச்ச மெசினு, பதினாலாந் தேதி காலைல பத்து மணி. அதத்தான் நானும் வெச்சுக் கட்டறேன்."

"பேப்பர்ல இருக்கற கையும் கரைச்ச கையும் ஒண்ணுதானுங்களா? நாகமணியும்தான் ஆமான்னா."

சர்ட்டிபிகேட்டில் இரண்டு கையெழுத்து. ஒன்று மேனேஜர், செத்துப்போய்விட்டார். இன்னொன்று, ஆர். ரோஸ்லின், என்ஜினியர்.

ரோஸ்லின் இப்போது போத்தனூர் ரயில்வே பார்சல் ஆபீசில் கிளார்க். கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. நவநீதனால் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க முடியாது. கோகிலவாணி தனியாகப் போனாள். வெறுங்கையோடு போகக்கூடாது என்று இரண்டு லிட்டர் மாவு எடுத்துக்கொண்டாள்.

நாற்பதைத் தொட்ட பெண். கழுத்தில் சின்னச் சிலுவை. நிதானம் என்ற பேரைக் கேட்டதும் பேனாவை மூடினாள்.

"அந்த வேலைய விட்டு அஞ்சு வருஷம் ஆச்சுக்கா. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"செரி கண்ணு. இந்த மாவைப் பிரிஜ்ஜுல வெச்சுக்க. நாளைக்கு ஊத்து, இன்னைக்கு வேண்டாம்."

கோகிலவாணி அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள். பகல் பன்னிரண்டரைக்கு ரோஸ்லின் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தாள்.

"அவருக்கு எத்தனாவது படி?"

"இருவத்தி மூணு."

"சாப்பிட?"

"நான்தான் ஊட்டறேன். அது பரவால்ல. சவரம்தான். பிளேடோட நான் கிட்டப் போனா, இத்தன வருசம் திட்டுனதுக்கெல்லாம் இன்னைக்கு ஒரே போடு போட்டுருவியாங்கறாரு."

ரோஸ்லின் சிரித்துவிட்டாள். பிறகு டப்பாவை மூடிவிட்டு, பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பதினாலாந் தேதி பத்து மணிக்கு நான் அந்த ரூம்ல இல்லக்கா. பிரசவ வார்டுல இருந்தேன். ஏழு மாசத்துலயே வலி வந்துருச்சு. பதினாலுக்குள்ள கட்டலைன்னா லைசென்ஸ் கிடையாது, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சவங்க எல்லாம் இன்னும் ஒரு வருஷம் நிக்கணும். மேனேஜர் போன் பண்ணி அழுதாரு. மறுநாள் பாப்பா கண்ணாடிப் பெட்டியில இருக்கு. நான் ஆஸ்பத்திரி மாடிப்படியில உக்காந்து என் லேப்டாப்லயே கட்டினேன். கடிகாரத்தைப் பதினாலு, பத்து மணின்னு திருப்பி, நகராம நிறுத்தி வெச்சுட்டுக் கட்டினேன். பூட்டுன ரூம்ல கட்டினதாக் கையெழுத்துப் போட்டேன். உங்க வீட்டுக்காரர் தலைக்குள்ள ஓடுறது பொய்க் கையெழுத்து."

கோகிலவாணி யோசித்தாள்.

"இருக்கட்டும் கண்ணு. ஆறு வருசம் கை ஆடலையே."

ரோஸ்லின் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இது வெளிய போனா, நான் பிரசவத்துல இருந்த நேரம் பர்த் சர்ட்டிபிகேட்லயே இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சா முடிஞ்சுது. கேஸ் வரும். இந்த வேலையும் போகும். நானும் பாப்பாவும் மட்டும்தான். உங்களுக்கு மட்டும் சொல்றேன். வேற ஒருத்தருக்கும் போகக்கூடாது."

"போகாது."

"சத்தியமா?"

"எங்க கடை மாவு மேல சத்தியம்," என்றாள் கோகிலவாணி. அவளிடம் அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு இருவரும் உட்கார்ந்தார்கள். கம்ப்யூட்டரில் ரோஸ்லின் என்ற பெயரில் ஒரு பயனரை உண்டாக்கினார்கள். அவள் பெயருக்குக் கீழே பாப்பா என்று ஒரு ஃபோல்டர். குழந்தைக்கு அப்போது பேர் வைத்திருக்கவில்லையாம். கடிகாரத்தைத் திருப்பி நிறுத்தினார்கள்.

"ஒண்ணு பாத்தியா அம்மிணி," என்றார் நவநீதன். "அந்தப் புள்ள நெசமான நேரத்துல கட்டியிருந்தா, எந்த நிமிசம் எந்த நொடின்னு அதுக்கே தெரிஞ்சிருக்காது. நம்மளால ஜென்மத்துக்கும் கட்ட முடியாது. பொய் நேரமாப் போனதுனாலதான் நொடி சுத்தமா ஞாபகம் இருக்குது."

"பேசாம இருங்க. அடிக்கறதுல தப்பு வரும்."

கட்டி முடிந்தது. அறுபத்து நான்கு எழுத்தை அவர் வாசிக்க வாசிக்க, சர்ட்டிபிகேட் தாளில் அவள் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். நாற்பதாவது எழுத்தில் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். கடைசி எழுத்தும் ஒத்துப்போனது. மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள்.

கருவியோடு பேச ஆபரேஷன் சமயத்தில் கொடுத்த வளையத்தை லேப்டாப்பில் செருகி, அவர் நெஞ்சின் மேல் வைத்தாள். விளக்குப் போட்ட மாதிரி எல்லாம் நடக்கவில்லை. கிரைண்டரை நிறுத்தியபின் கல் இரண்டு சுற்றுச் சுற்றி நிற்குமே, அப்படித்தான் கை நின்றது.

நவநீதன் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எட்டி, அவள் மூக்குக் கண்ணாடியில் காய்ந்து ஒட்டியிருந்த ஒரு மாவுத் துளியை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

"பத்து நாளாப் பாத்துட்டிருக்கறேன்," என்றார்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே வேலை ஒன்றும் இல்லை.

அதோடு முடிந்திருக்கலாம். சாயங்காலம் குரூப்பில் ஒரு குரல் வந்தது. வத்தலகுண்டு பாத்திமுத்து. ரிட்டையரான நர்ஸ், தனியாக இருப்பவள். தட்டச்சு முடியாததால் எப்போதும் பேசித்தான் அனுப்புவாள்.

"நவநீதன் தம்பி, ரெண்டு நாளா உங்க சத்தத்தையே காணோமே. கை எப்புடி இருக்கு? எனக்கு இருவத்தஞ்சு. நேத்து நெத்திலிக் கொழம்ப மேல பூராம் கொட்டிக்கிட்டேன். ஆறுன கொழம்புதேன், யாரும் அழுகாதீக. பூனைதேன் என்னைய விட மாட்டேங்குது."

நவநீதன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"என்ன சொல்லட்டும்? கை நல்லாருக்குதுன்னா எப்படீம்பாங்க. ஆடுதுன்னா பொய்யி."

"வாக்குக் குடுத்துட்டனுங்க."

"முன்னூத்தி நாப்பது பேரு கோகிலா."

"எனக்கும் கணக்குத் தெரியும்."

"மூணே வரி. இப்ப என் கையாலயே அடிப்பேன்."

"அடிங்க," என்றாள். "அந்தப் புள்ள மூஞ்சிய நான் பாத்தேன், நீங்க பாக்கல. அதனால உங்களுக்குச் சுளுவா அடிக்க வரும். அடிங்க."

அவர் அடிக்கவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். ஆடாத கையால் தானே பிசைந்து சாப்பிட்டார். அதில் ஒரு ருசியும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கும் இல்லை.

மறுநாள் விடிந்து அவள் கடையைத் திறக்கும்போதே அவர் லேப்டாப்பில் உட்கார்ந்திருந்தார். வியாபாரம் முடிந்து அவள் வந்தபோது திரையைக் காட்டினார்.

"எல்லாத்தையும் தொடச்சுட்டு மறுபடி ஏத்தியிருக்கறேன். கம்பைலரு, லைப்ரரி, பூராம் செரியான நம்பரு. கட்டற சாமானக் குடுக்கறதுக்குத் தடை இல்ல. ஆள் பேரு, ஃபோல்டரு, நேரம், அது மூணும் மட்டும் காலி. உன்ற வாக்கு அப்படியே இருக்குது. பாத்திமுத்தம்மாளுக்கு அனுப்பப் போறேன்."

"காலியா அனுப்பி அவிய என்ன பண்ணுவாங்க?"

"தெரியல. கையக் கட்டீட்டு உக்கார முடியல. நல்லாருக்கற கைய எப்படிக் கட்டீட்டு உக்கார்றது?"

கோகிலவாணி உளுந்து டப்பாவை எடுத்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். பழைய சேலையில் சுற்றினாள். அட்டைப் பெட்டியில் வைத்துச் சணல் போட்டுக் கட்டினாள்.

"கெளம்புங்க. போத்தனூர்ல போடலாம்."

"இங்கிருந்து கோயமுத்தூர் டேசன் கிட்ட இருக்கும்போது?"

"போத்தனூர்ல போடலாமுங்க."

ரோஸ்லின் கவுன்டருக்குப் பின்னால் இருந்தாள். கோகிலவாணியைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. கூட வந்தவரைப் பார்த்தாள். அவருடைய கையைப் பார்த்தாள்.

"இவருதான் எங்கூட்டுக்காரரு," என்றாள் கோகிலவாணி. "ஒரு பார்சல் போடோணும். வேற ஒண்ணும் கேக்க வரலை கண்ணு. வாக்கு வாக்குதான்."

ரோஸ்லின் படிவத்தை நீட்டினாள். நவநீதன் நின்றுகொண்டே பூர்த்தி செய்தார். அனுப்புநர். பெறுநர்: பாத்திமுத்து, தர்கா தெரு, வத்தலகுண்டு. எழுத்துகள் நேராக, ஒன்றுபோல விழுந்தன. ரோஸ்லின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற ஒருவர், "சீக்கிரம் எழுதுங்க சார்" என்றார். நவநீதன் வேண்டுமென்றே இல்லை, ஆனால் மெதுவாகத்தான் எழுதினார். ஆறு வருடம் அவர் நேராக எழுதுவதை ஒரு விஷயமாக நினைத்ததே இல்லை. இப்போது நினைத்தார்.

"இவங்களுக்கு எத்தனாவது படி?" ரோஸ்லின் மெதுவாகக் கேட்டாள்.

"இன்னைக்கு இருவத்தாறு," என்றார் நவநீதன்.

"பார்சல் நாளைக்குப் போய்ச் சேர்ந்துரும்."

"சேரட்டும்."

'உள்ளிருக்கும் பொருள்' என்ற கட்டத்தில் அவர் 'பழைய லேப்டாப்' என்று எழுதிப் படிவத்தைத் தள்ளினார். ரோஸ்லின் அதை வாங்கிக்கொண்டாள். முத்திரையை எடுக்கவில்லை. அவளுடைய போன் மேசை மேல் கிடந்தது; அதன் முகப்பில் முன்பல் இரண்டும் இல்லாத ஒரு பெண் குழந்தை யூனிபாரத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. ரோஸ்லின் போனைத் திருப்பி வைத்தாள். பிறகு மறுபடி நிமிர்த்தி வைத்தாள்.

"சார், இது பத்தாது. பொருள் விவரம் முழுசா எழுதணும்."

"வேற என்ன எழுதறது?" என்றார் நவநீதன்.

"கண்ணு," என்றாள் கோகிலவாணி. "நாங்க கேக்கலை."

"தெரியும்க்கா."

ரோஸ்லின் பேனாவைத் திறந்தாள். 'பழைய லேப்டாப்' என்பதற்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். கட்டம் சின்னது; மூன்று வரியும் நெருக்கமாக விழுந்தன. தன் பெயர். பாப்பா. பதினான்காம் தேதி காலை பத்து மணி, சுழி நொடி. அதற்குக் கீழே, 'மேலே கண்டது என்னால், ஆஸ்பத்திரி மாடிப்படியில், பதினைந்தாம் தேதி கட்டப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு நகலைக் கிழித்துப் பெட்டியின் மேல் ஒட்டினாள். இன்னொன்றை ஆபீஸ் கோப்பில் குத்தினாள்.

பின்னால் நின்றவர், "அம்மா, டிரெய்ன் வந்துரும்" என்றார்.

"ஒரு நிமிஷம்ங்க," என்றாள் ரோஸ்லின். தேதி முத்திரையைத் திருப்பி, இன்றைய தேதிதானா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அடித்தாள்.